பதினேழாம் நம்பரின் கொட்டாவி

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்:

லீடர். பள்ளியில் எங்கள் வகுப்புக்குத் தலைவன். பிறகு தபால் நிலையத்தில் வேலை பார்த்தான். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

நர்ஸ். ஓய்வு பெற்றுவிட்டாள். இன்னும் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் கணுக்காலைப் பார்ப்பாள், வீக்கம் இருக்கிறதா என்று.

ரேடியோ. எவன் குரலையும் அப்படியே பேசுவான். அந்தத் தொண்டையை வைத்தே பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றான்.

தூங்குமூஞ்சி. கட்டிலில் கிடந்தான். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

அவன் மகன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவன். விமான நிலையத்தில் ஒட்டிய தாளைக்கூடக் கிழிக்காத பெட்டி சுவரோரம் நின்றது.

நான். அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் என்பதால் 'அரைப்பரீட்சை'. சுருக்கமாக அரை. குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரசர் பார்த்துக்கொள்ளும் இரவு வேலை. இந்த வயதிலும் அந்த வேலை என்னிடம் இருப்பதற்குக் காரணம், வேறு எவனும் அதற்கு வருவதில்லை.

பேச வேண்டியது ஒரே விஷயம். தூங்குமூஞ்சி தன் வீட்டுக்குத் திரும்புவானா, முதியோர் இல்லத்துக்குப் போவானா.

அவன் ஆசை எங்களுக்குத் தெரியும். மனைவி செத்த பிறகும் அந்த வீட்டை விட்டு அவன் நகரவில்லை. நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுத்தே பிழைத்தவன். மூடிய கதவுக்குள் மாட்டியவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனைப் போல் பார்த்தவன் எவனும் இல்லை. "என்னை எவனாவது உள்ள வெச்சுப் பூட்டினா, மோட்டாரையே கழட்டிட்டு வெளியே வந்துடுவேன்டா" என்பான்.

நாங்கள் மறுபடி ஒன்று சேர்ந்தது நர்ஸால். அவள் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய வார்டில் லீடர் வந்து படுத்தான். கண்ணில் கட்டோடு கிடந்தவன், மருந்து கொடுக்க வந்தவளின் அதட்டலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டான்.

"நீ மூணாவது பெஞ்சுதானே?" என்றானாம்.

"பெஞ்சு இருக்கட்டும், முதல்ல வாயைத் திற" என்றாளாம் அவள்.

பிறகு அவள் ஒருவரைப் பிடித்தாள், அவர் இன்னொருவரைப் பிடித்தார். வகுப்பில் பாதிப்பேர் அகப்பட்டோம். சந்தோஷமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்றெல்லாம் இல்லை. ஒருவனை ஒருவன் பார்த்து, இவனுக்கே இவ்வளவு வயசாகிவிட்டதென்றால் நமக்கு எவ்வளவு என்று மிரண்டோம். எங்களில் பலர் தனியாக இருப்பவர்கள். பழைய கதை பேச ஆள் தேவைப்படவில்லை. விடிந்ததும் உயிரோடு இருக்கிறோமா என்று விசாரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதற்கு லீடர் ஒரு வழி கண்டுபிடித்தான். தினமும் காலையில் அவனுடைய மகள் எல்லோருடைய போனையும் ஒரே அழைப்பில் இணைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவன் வருகைப் பதிவு எடுப்பான். பள்ளியிலும் அவன்தான் எடுப்பான். எங்கள் ஆசிரியர் பதிவேட்டை அவனிடம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். அந்த நம்பர் வரிசை முழுவதும் இன்னும் அவன் மண்டையில் இருந்தது. அவன் நம்பரைச் சொல்ல, நாங்கள் "உள்ளேன் ஐயா" என்போம். பல் தேய்த்துக்கொண்டு, வெந்நீர் வைத்துக்கொண்டு, கக்கூஸில் உட்கார்ந்துகொண்டுகூட. நான் வேலை முடிந்து கிடங்கு வாசலில் பஸ்ஸுக்கு நின்றபடி சொல்வேன். பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். லீடர் அடிக்கவில்லை. என் நம்பரையும் கூப்பிடுவான்.

ஆரம்பத்தில், செத்துப்போனவர்களின் நம்பரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பான். நர்ஸ்தான் நிறுத்தினாள். "போனவனையெல்லாம் கூப்பிடாதே. ஒருநாள் எவனாவது உள்ளேன் ஐயான்னு வந்து நிப்பான், அப்ப தெரியும்."

மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், பக்கத்தில் இருப்பவன் போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. தூங்குமூஞ்சியின் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது, என்னுடையது அவனிடம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

அவன் பதினேழாம் நம்பர். பள்ளி நாட்களில் விடியலில் பேப்பர் போட்டுவிட்டு வருவான், எப்போதும் தாமதம். லீடர் பதினேழு என்றதும் ரேடியோ கடைசி பெஞ்சுக்குக் கீழே குனிந்து, அவன் குரலிலேயே ஒரு கொட்டாவி விட்டு, கொட்டாவி முடிகிற இடத்தில் "உள்ளேன் ஐயா" என்று இழுப்பான். லீடர் குறித்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்துத் தூங்குமூஞ்சி பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்து தூங்குவான்.

போன வருடம் ஒருநாள் காலையில் அவன் நிஜமாகவே தூங்கிவிட்டான். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. எனக்கு அன்று பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. லீடர் பயந்துபோய் மகனுக்குப் போன் போடச் சொல்லிவிட்டான். அவன் அங்கிருந்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட, அவர்கள் கதவை உடைத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து தூங்குமூஞ்சி துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்து, "கதவு என்னய்யா பாவம் பண்ணுச்சு" என்று கேட்டான்.

மகன் அடுத்த விமானம் பிடித்து வந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே அந்த ஒரு மணி நேரம் அவன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். இன்னொரு தடவை இப்படி ஆனால் நேராக முதியோர் இல்லம்தான் என்றான். நாங்கள் எல்லோரும் போய்ப் பேசினோம். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டான். தினமும் அவன் அப்பா வருகைப் பதிவில் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் லீடரின் மகள் அவனுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்ப வேண்டும்.

அந்த நிபந்தனைதான் அவனைச் சாகடித்தது. இன்னும் சாகவில்லை, ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு தூங்குமூஞ்சி தூங்கிப்போன நாட்களில் ரேடியோ பதில் சொல்ல ஆரம்பித்தான். அதே கொட்டாவி, அதே இழுவை. லீடருக்குக் கண் தெரியாது, அவன் மகள் யார் யார் எடுத்தார்கள் என்று நின்று பார்ப்பதில்லை. மற்றவர்கள் யாரும் போன் திரையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்குத் தெரியாது. தூங்குமூஞ்சிக்குத் தெரியும், அவனே கேட்டுக்கொண்டதுதான். கொஞ்ச நேரத்தில் ரேடியோ போன் போட்டு எழுப்புவான், அவன் திட்டிக்கொண்டே எழுந்திருப்பான்.

அந்த வாரம் வியாழக்கிழமை விடியலில் தூங்குமூஞ்சி குளியலறை வாசலில் விழுந்தான். போன் அலமாரிமேல் சார்ஜரில் இருந்தது. லீடர் பதினேழு என்றான். ரேடியோ கொட்டாவி விட்டான். கட்டைவிரல் போனது. பிறகு ரேடியோ போன் போட்டான், எடுக்கவில்லை. இன்னும் எழவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கே நாள் முழுவதும் போய்விடும். நடுவில் மறுபடி போட்டான், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பதினேழு என்றதும் பயத்திலேயே இன்னொரு கொட்டாவி விட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை வழியில் மடக்கி, "சாவி வெச்சிருக்கியா, வா" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. கதவைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

தூங்குமூஞ்சி ஒருக்களித்துக் கிடந்தான். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதில் சொல்லாவிட்டால் ஆள் வரும் என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் ஏற்பாடு. அவன் பதில் சொல்லவில்லை. ஒரு முழுப் பகலும் ஒரு முழு ராத்திரியும் ஆள் வரவில்லை.

விழுந்தவுடனே கொண்டுவந்திருந்தால் கையையும் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தேன்.

அறைக்குள் போவதற்கு முன் நடைபாதையில் ரேடியோவிடம் கேட்டேன்.

"சொல்லப்போறியா?"

"சொன்னா இவனைக் கண்டிப்பா ஹோம்ல போட்டுடுவான்டா."

"சொல்லலைன்னா?"

"வீட்டுலயே ஆள் போட்டுப் பாத்துக்கலாம். நாமளும் இருக்கோம்னு பேசிப் பாக்கலாம். ஒரு வாய்ப்பு இருக்குல்ல." பிறகு, "நீ சொல்லிடாதே அரை" என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மகன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா, நான் சண்டை போட வரல" என்றான் லீடரிடம். "ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியணும். வியாழக்கிழமை விடியக்காலைலயே விழுந்திருக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அன்னிக்குக் காலைல உங்க பொண்ணு எனக்குக் கட்டைவிரல் அனுப்பியிருக்கா. இதோ இருக்கு."

"நான்தான் அனுப்பச் சொன்னேன் தம்பி. அவன் பதில் சொன்னான்."

"விழுந்து கெடந்தவரு எப்படி மாமா பதில் சொல்வாரு?"

"தெரியல. ஆனா நான் கேட்டேன். கொட்டாவிகூட விட்டான்."

"இவன் பொறந்ததே கொட்டாவி விட்டுகிட்டுத்தான்" என்றாள் நர்ஸ். யாரும் சிரிக்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "நானும் கேட்டேன் தம்பி. பல் தேய்ச்சுகிட்டிருந்தேன். அவன் குரல்தான்."

"வெள்ளிக்கிழமையும் கேட்டீங்களா அத்தை?"

அவள் நாற்பது வருடம் வார்டில் நின்றவள். எது நடக்கும், எது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகத் திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். அவன் சொட்டு சொட்டாக இறங்கும் குளுக்கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகன் லீடருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினான். "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. தெனமும் கேட்டுப் பழகின குரல். வராமலே வந்த மாதிரி தோணியிருக்கும். வயசானா அப்படி ஆகும். நீங்க ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டுங்க. காதை மட்டும் இல்ல, எல்லாத்தையும்."

லீடர் கைத்தடியைத் தேடினான். அது அவன் மடியிலேயேதான் இருந்தது. அதைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கலாம் தம்பி" என்றான். "கண்ணு போனப்ப, காது இருக்கே, சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். அதுவும் பொய் சொல்ல ஆரம்பிச்சுடுச்சு போல." தடியைத் தரையில் ஊன்றினான். "நாளைலேருந்து நான் கூப்பிடல. வேற யாராவது பாத்துக்குங்க. நான் கூப்பிட்டா ஆள் சாவுறான்."

நான் ரேடியோவை முழங்கையால் இடித்தேன். அவன் அசையவில்லை.

மகன் எழுந்து கட்டிலுக்குப் போய்க் குனிந்தான். "அப்பா. நீங்க சொல்லுங்க. வீட்டுக்குப் போகணுமா?"

தூங்குமூஞ்சியின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "ப்... ப்..." என்று காற்று வந்தது. இடது கையால் மகனின் சட்டையைப் பிடித்தான்.

"அவனுக்கு எல்லாம் புரியுது தம்பி. வாய்தான் வரல" என்றாள் நர்ஸ்.

"என்ன சொல்றாருன்னு யாருக்கு அத்தை தெரியும்?"

அப்போது அறையில் ஒரு கொட்டாவி கேட்டது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, மூக்கில் ஏறி, முடிகிற இடத்தில், "உள்ளேன் ஐயா."

லீடரின் முகம் அப்படியே மலர்ந்தது. "டேய்" என்று கட்டில் பக்கம் திரும்பிவிட்டான். கையைக்கூட நீட்டிவிட்டான். பிறகுதான் குரல் வந்த திசை அவனுக்கு உறைத்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மெதுவாக, மிகவும் மெதுவாக, ரேடியோ நின்ற மூலைக்குத் திரும்பினான்.

கட்டிலில் தூங்குமூஞ்சி கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தனை நாளா?" என்றான் லீடர்.

"கதவை உடைச்சதுக்கு அப்புறம். அவன் தூங்கிட்ட நாள் மட்டும். இவனை எங்கயும் அனுப்பிடக் கூடாதுன்னுதான். ஸ்கூல்ல பண்ணதுதானேன்னு..."

"ஸ்கூல்ல எனக்குக் கண்ணு தெரிஞ்சுதுடா" என்றான் லீடர். "நீ குனியறதைப் பாத்துட்டுத்தான் குறிச்சேன். தெரிஞ்சு குறிச்சேன்."



மகன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் வந்தேன். அவன் சொன்னது வேறு.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

ரேடியோவுக்குப் புரியவில்லை.

"அப்பா குரல்ல. இன்னொரு தடவை."

சொல்லாதே என்று நான் நினைத்தேன். நர்ஸும் தலையை ஆட்டினாள். ரேடியோ தொண்டையைச் சரிசெய்தான், மைக்குக்கு முன்னால் நிற்பவன்போல. தூங்குமூஞ்சி தன் மகனைத் துரை என்றுதான் கூப்பிடுவான், கேலியாக. ரேடியோ அதைத்தான் எடுத்தான்.

"என்ன துரை. இவ்ளோ தூரம் வந்துட்டே. என்னை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு துரை. உள்ள வெச்சுப் பூட்டிடாதே."

அச்சு அசல் அவன் குரல். அறைக்கு வெளியே போய் நின்று கேட்டால் நானே நம்பியிருப்பேன். கட்டிலில் கிடந்தவன் இடது கையால் மெத்தையை அடித்தான். ஆமாம் என்று அடித்தானா, நிறுத்து என்று அடித்தானா தெரியாது. பல நாள் யோசித்துவிட்டேன், இன்னும் தெரியவில்லை.

"போதும், வாயை மூடு" என்றாள் நர்ஸ்.

மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"நீங்க யாரும் கெட்டவங்க இல்ல" என்றான். "எனக்குத் தெரியும். ஆனா அப்பா குரல்ல பதில் சொல்ல இங்க ஒரு ஆள் இருக்காருன்னா, நான் அங்க உக்காந்துகிட்டு எதை நம்புவேன்? அவரே போன்ல பேசினாலும் அவருதானான்னு சந்தேகப்படணும்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இல்லத்துக்குத்தான் பேசினான். நடைபாதையிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஒற்றை அறையா, இரண்டு பேர் அறையா என்று விசாரித்தான்.

லீடர் எழுந்தான். ரேடியோ கையைப் பிடிக்கப் போனான். "நர்ஸ் புடிச்சுக்குவா" என்றான் லீடர். அவள் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் கிடங்கு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இப்போது எங்களில் யார் இருக்கிறார்கள், யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பு கலைந்துவிட்டது.

தூங்குமூஞ்சியை இல்லத்துக்குக் கொண்டுபோன அன்று மகனும் நானும் மட்டும்தான் கூடப் போனோம். வீட்டைப் பூட்டும்போது மகன் என்னிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டான். அப்பாவின் துணிப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான். "இது உங்க வீட்டுதுதான் மாமா. மேல உங்க பேரு எழுதியிருக்கு." ஒரு துண்டு ஒட்டுத்தாளில், கோணல் எழுத்தில், 'அரை' என்று இருந்தது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதை இனி யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

இல்லம் நல்ல இல்லம். பொய் சொல்லக் கூடாது. தரை பளபளவென்று இருந்தது. எதிர்சாரியில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே ரேடியோ நின்றிருந்தான். தெருவைக் கடக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மகன் கீழே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பணியாளர் பெண் முன்னால் நடக்க, நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினேன். மேலே போய் நின்றதும் லிஃப்ட்டின் தளம் வெளித்தரைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. கதவு கரகரவென்று தயங்கித் திறந்தது. தூங்குமூஞ்சி இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினான். கண்ணால் கதவின் மேல்விளிம்பைக் காட்டினான்.

"ஆமாடா. கதவு ரோலர் தேஞ்சுருக்கு" என்றேன். "உன் காலத்துல இப்படி விட்டிருப்பியா?"

அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று வைத்துக்கொண்டேன்.

"அவரு என்ன சொல்றாரு?" என்றாள் பணியாளர்.

"லிஃப்ட் சரியில்லையாம்."

"தாத்தாவுக்கு இனிமே அந்தக் கவலை வேண்டாம். கீழ எறங்கற வேலையே இல்லை" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

நடைபாதையின் முடிவில் இரும்புக் கம்பி போட்ட கதவு. மறதிக்காரர்கள் இறங்கி ஓடிவிடுவார்கள் என்பதற்காக. அவள் நாற்காலியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க இதோட நின்னுக்குங்க ஐயா. பாக்கறதுன்னா சாயங்காலம்தான்."

"காலைல ஒரு நிமிஷம் போன்ல பேச முடியுமா?"

"அவராலதான் பேச முடியாதே."

"பேச வேண்டாம். நம்பர் சொன்னா கேட்டுக்குவான்."

அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் எனக்குத் தோன்றவில்லை. கூப்பிடவே ஆள் இல்லாதபோது என்னத்தைக் கேட்பான்.

நாற்காலி கதவைத் தாண்டியது. தூங்குமூஞ்சி திரும்பிப் பார்க்க முயன்றான். கழுத்து பாதி வரைக்கும்தான் வந்தது. அவள் கதவைச் சாத்தி, கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளிருந்து பூட்டினாள்.